பாயூ சீலையை மேடையேற்றுதல்

பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியிலுள்ள பாயூ நகரத்துக்குரிய பூத்தையல் சீலை, 1066-ஆம் ஆண்டில் நார்மண்டியின் கோமகன் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றிய வரலாற்றை, ஏறத்தாழ 68 மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் கொண்ட துணிப்பரப்பில் இடமிருந்து வலமாகச் சொல்லிச் செல்கிறது. உலக வழக்கில் இது 'டாபெஸ்ட்ரி' என்று அழைக்கப்பட்டாலும், தறியிலேயே உருவங்கள் நெய்யப்படும் திரைச்சீலை வகையைச் சேர்ந்ததன்று. ஒன்றோடொன்று இணைத்த ஒன்பது லினன் துண்டுகளின் மேல் கம்பளி நூலால் தைக்கப்பட்டது. உருவங்களின் விளிம்பைக் காம்புத் தையலால் வரைந்து, உட்பரப்பில் நூலை நெருக்கமாகப் படுக்கவைத்து, அதன் குறுக்கே வேறு நூல்களை ஓட்டிச் சிறு தையல்களால் இறுக்கியிருக்கிறார்கள். மஞ்சிட்டியின் உறவுச் செடியான மாடர், மஞ்சள் நிறம் தரும் வெல்டு, நீலம் தரும் வோட் ஆகிய மூன்று தாவரங்களிலிருந்தே பத்து நிறச்சாயல்கள் பெறப்பட்டுள்ளன. வில்லியமுடன் ஒரே தாய் வயிற்றில் பிறந்த தம்பியும் பாயூவின் ஆயருமான ஓடோ இதைச் செய்வித்திருக்க வேண்டும் என்பதும், 1070-களில் தென்கிழக்கு இங்கிலாந்தின் கன்டர்பரியில் இது உருவாகியிருக்கக்கூடும் என்பதும் ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்கும் முடிவுகள்.

இச்சீலையை நாடகமாக்க முனைவோர் முதலில் எதிர்கொள்வது அதன் பேச்சின்மையை. நடுப்பட்டையில் உருவங்களுக்கு மேலாக ஓடும் இலத்தீன் வாசகங்கள் ஆள், இடம், செயல் ஆகியவற்றை மிகச் சுருக்கமாக அறிவிக்கின்றனவே அன்றி, எவருடைய வாயிலிருந்தும் ஒரு சொல்லைக்கூட எடுத்துத் தருவதில்லை. உரையாடலை எழுதி அந்த வெற்றிடத்தை நிரப்புவதே நாடகாசிரியரின் வேலை என்று எண்ணுவது இயல்பு; இரு நூற்றாண்டுகளாகப் பலரும் அவ்வாறே செய்துவந்திருக்கின்றனர். ஆயினும், காரணங்களை அறிவிக்காமல் செயல்களை மட்டும் காட்டி, வென்ற நார்மானியரும் தோற்ற ஆங்கிலேயரும் ஒரே சுவரின் முன் நின்று பார்க்கக்கூடியதாகக் கதையைக் கொண்டுசெல்லும் இச்சீலையில், பேச்சின்மை ஒரு கதைமுறையாகவே ஆளப்பட்டிருக்கிறது. அதை முற்றாக நிரப்பிவிடும் நாடகம் 1066-இன் கதையைச் சொன்னதாகலாம். சீலையை மேடைக்குக் கொண்டுவந்ததாக ஆகாது.

சீலையே ஒருவகை நிகழ்த்துதலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது என்னும் கருத்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டுவருகிறது. கலை வரலாற்றாளர் சி. ஆர். டாட்வெல் 1966-இல் வெளியிட்ட கட்டுரையில், துரோகத்தையும் விசுவாசத்தையும் மையமாகக் கொண்ட பிரெஞ்சு வீரகாவிய மரபான 'ஷான்சோன் த ஜெஸ்ட்', அதாவது வீரச்செயல்களைப் பாடும் நெடும்பாட்டு, இச்சீலைக்கு நெருங்கிய உறவுடையது என வாதிட்டார். 1991-இல் மற்றொரு கலை வரலாற்றாளரான ரிச்சர்டு பிரில்லியண்ட் இன்னும் ஒரு படி மேலே சென்று, சீலையின் முன் ஒருவர் நின்று, இலத்தீன் வாசகங்களை நினைவுக் குறிப்புகளாக வைத்துக்கொண்டு, கேட்போர் அறிந்த மொழியில் காட்சிகளை விரித்துரைத்திருப்பார் என்று விளக்கினார். வாசகங்களில் பெரும்பாலானவை 'இங்கே' என்று சுட்டித் தொடங்குவதும், மண்டபத்தில் கூடியிருக்கக்கூடிய போர்வீரர் பலருக்கு இலத்தீன் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதும் இவ்வாதத்துக்கு வலுச்சேர்க்கின்றன. ராஜஸ்தானில் 'பட்' எனப்படும் நீண்ட ஓவியச்சீலையை இரவில் விரித்துக் கட்டி, போபா எனப்படும் பூசாரிப் பாடகர் பாபூஜியின் கதையைப் பாட, அவர் மனைவி விளக்கை உயர்த்தி உரிய உருவத்தைக் காட்டும் மரபு, துணியும் குரலும் இப்படி இணைந்து இயங்கக்கூடும் என்பதைத் தெளிவாக்குகிறது. ஐரோப்பாவில் அவ்வாறே நடந்ததென்பதற்கு அதைச் சான்றாக்கிவிட முடியாது என்பதும் உண்மையே.

சீலை காட்சிக்கு வைக்கப்பட்ட முறை பற்றிய முதல் எழுத்துச் சான்று மிகப் பிந்தியது. பாயூ பேராலயத்தின் 1476-ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியல், புனிதர்களின் எலும்பு முதலிய எச்சங்களாகிய திருப்பண்டங்களின் விழாவன்றும் அதைத் தொடர்ந்த எட்டு நாள் கொண்டாட்டத்திலும் இச்சீலை ஆலயத்தின் நடுக்கூடத்தைச் சுற்றித் தொங்கவிடப்பட்டதாகக் குறிப்பிடுகிறது. இச்செய்தி நாடகவியல் நோக்கில் மிகுந்த பொருளுடையது. எட்வர்டு மன்னருக்குப்பின் இங்கிலாந்தின் அரியணை ஏறவிருந்த ஆங்கிலேயப் பெருந்தலைவர் ஹெரால்டு இரு திருப்பண்டப் பேழைகளின் மேல் கைவைத்து வில்லியமின் முன் சத்தியம் செய்யும் காட்சியே முழுக் கதைக்கும் அச்சாணி. வில்லியமின் சிற்றாலயக் குருவாக இருந்த பொவாத்தியே வில்லியம் அச்சத்தியம் போன்னவில் என்னுமிடத்திலும், ஆர்டெரிக் விட்டாலிஸ் என்னும் துறவி ரூவானிலும் நிகழ்ந்ததாக எழுத, சீலையோ அதைப் பாயூவில் நிகழ்ந்ததாகக் காட்டுகிறது. 1077-இல் வில்லியமின் முன்னிலையில் அர்ச்சிக்கப்பட்ட அதே பேராலயத்தில், திருப்பண்டங்களையே கொண்டாடும் நாளில், திருப்பண்டங்களின் மேல் செய்த சத்தியமும் அதை மீறியதன் விளைவும் பார்வையாளரைச் சுற்றி வளைத்து நின்றன. கதை நிகழ்ந்த இடத்தையே ஆடுகளமாக்கும் இக்கால அரங்கேற்றங்கள் நாடும் விளைவு 15-ஆம் நூற்றாண்டின் பாயூவில் ஆண்டுதோறும் கைகூடியிருக்கிறது.

உருவங்களின் கைகளைக் கவனிப்போருக்குச் சீலைக்கும் மேடைக்குமான உறவு இன்னும் தெளிவாகும். சீலையில் கைகள் உடலுக்கு ஒவ்வாத அளவில் பெரியவை. விரல்கள் நீண்டு சுட்டுகின்றன, மறுக்கின்றன, வினவுகின்றன, கன்னத்தைத் தாங்கித் துயரப்படுகின்றன. டாட்வெல் மறைந்தபின் 2000-இல் வெளிவந்த அவருடைய நூல், பண்டைய ரோமின் நகைச்சுவை நாடகாசிரியரான டெரன்ஸின் பிரதிகளில் நடிகர்களின் சைகைகளோடு வரையப்பட்ட ஓவியங்களையும் ஆங்கிலோ-சாக்சன் சுவடி ஓவியங்களையும் ஒப்பிட்டு, கன்டர்பரியில் வரையப்பட்ட உருவங்களின் கையசைவுகளில் பல ரோம மேடையிலிருந்து வந்தவை என்று காட்டுகிறது. சீலையை வரைந்தவர் அதே கன்டர்பரிச் சுவடிகளைப் பார்த்துப் பயின்றவர் என்பது பல காட்சிகளால் உறுதிப்படுகிறது. ஓடோ உணவை ஆசீர்வதிக்கும் அரைவட்ட விருந்துமேசை, கன்டர்பரியிலிருந்த புனித அகுஸ்தீன் நற்செய்திச் சுவடியின் இறுதி இராவுணவுக் காட்சியை ஒத்திருப்பது இதற்குப் பெரிதும் காட்டப்படும் சான்று. எனவே இக்கைகளுக்கு ஒரு நடிகர் உயிர்கொடுக்கும்போது, மேடையிலிருந்து சுவடிக்கும் சுவடியிலிருந்து துணிக்கும் சென்ற சைகை மீண்டும் மேடைக்குத் திரும்புகிறது. பயிற்சியின் தொடக்கத்திலேயே உரையாடலைக் கொடுத்துவிடாமல், இச்சைகைகளை மட்டும் நெடுநேரம் பழகவைக்கும் இயக்குநர் சீலையின் மொழியைத் தன் நடிகர்களுக்குக் கற்றுத்தருபவர் ஆவார்.

சீலையைச் செய்தவர்களுக்கு நாடகம் அறியாத ஒன்றாகவும் இருந்திருக்க முடியாது. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வின்செஸ்டர் ஆயர் ஈத்தல்வோல்டின் வழிகாட்டலில் ஆங்கிலேயத் துறவு மடங்களுக்காகத் தொகுக்கப்பட்ட ஒழுங்குநூல், உயிர்ப்பு ஞாயிறன்று ஒரு துறவி கையில் குருத்தோலையுடன் கல்லறையருகே வானதூதராக அமர, மூவர் தூபக்கலசங்களுடன் எதையோ தேடுவோர்போலத் தயங்கித் தயங்கி நடந்துவர வேண்டும் என்று விதிக்கிறது. இன்று மேடைக்குறிப்பு என்று நாம் அழைப்பதற்கும் அதற்கும் வேறுபாடு மிகக் குறைவு.

சீலை நேரடியாக ஒரு மேடை நாடகத்துக்குப் பொருளானது பல நூற்றாண்டுகள் கழித்தே. இங்கிலாந்தின் மீது படையெடுக்க நெப்போலியன் ஆயத்தமாகிக்கொண்டிருந்த 1803-இன் இறுதியில், சீலை பாரிஸுக்குக் கொண்டுவரப்பட்டு, நெப்போலியன் அருங்காட்சியகம் என்று அப்போது பெயர்பெற்றிருந்த லூவரில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அந்தப் பரபரப்பைப் பயன்படுத்தி, 1804 ஜனவரியில் வோத்வில் அரங்கில் பாரே, ராதே, தெஃபோன்தேன் ஆகிய மூவர் இணைந்து எழுதிய 'அரசி மத்தில்டாவின் சீலை' என்னும் ஓரங்க இன்பியல் நாடகம் அரங்கேறியது. மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளில் புதிய சொற்களை அமைத்துப் பாடும் 'வோத்வில்' வகையைச் சேர்ந்த அந்நாடகத்தில், கடல்கடந்து போரிடும் கணவனின் செய்திக்காகக் காத்திருக்கும் மத்தில்டா தோழியருடன் அமர்ந்து வெற்றியைத் தைக்கிறாள். வில்லியமின் மனைவியே சீலையைத் தைத்தாள் என்பது பிற்காலக் கட்டுக்கதை. நாடகத்தின் நோக்கமும் படையெடுப்புக்கு ஆதரவு திரட்டுவதே. ஆனாலும் அதன் ஆசிரியர்கள் ஓர் அரிய வாய்ப்பைக் கண்டுகொண்டார்கள் என்பதை மறுக்க முடியாது: தைக்கும் பெண்களை அவர்கள் மேடையில் அமர்த்தினார்கள்.

அந்த வாய்ப்பு இன்னும் முழுமையாகப் பயன்படுத்தப்படவில்லை. அறுநூறுக்கும் மேற்பட்ட மனித உருவங்கள் கொண்ட சீலையின் நடுப்பட்டையில் பெண்கள் மூவரே: இறக்கும் மன்னரின் காலடியில் அழும் அரசி, எல்ஃப்கிவா என்று பெயர் குறிக்கப்பட்ட ஒருத்தி, எரியும் வீட்டிலிருந்து குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறும் பெயரில்லாத் தாய். ஊசி பிடித்த கைகளோ பெரும்பாலும் ஆங்கிலேயப் பெண்களுடையவை என்று கருத இடமுண்டு. அவர்களின் பூத்தையல் திறன் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றிருந்தது. வில்லியமின் ஆணைப்படி 1086-இல் தொகுக்கப்பட்ட நிலக்கணக்கான டூம்ஸ்டே ஏடு, பக்கிங்ஹாம்ஷயரில் ஈல்ஃப்கித் என்னும் பெண், மாவட்ட அதிகாரி காட்ரிக்கின் மகளுக்குப் பொற்சரிகைப் பூத்தையல் கற்பிப்பதற்கு ஈடாக நிலம் பெற்றிருந்ததைப் பதிவுசெய்கிறது. தோற்ற நாட்டின் பெண்கள் வென்றவரின் வெற்றியைத் தைக்க நேர்ந்த நிலை, வேறெந்தக் காதல் கிளைக்கதையையும்விட ஆழமான நாடக முரணைக் கொண்டது; எரியும் வீட்டைத் தைக்கும் ஒருத்தி தானே அத்தகைய வீட்டிலிருந்து வந்தவளாக இருக்கலாம் என்பதை ஒரு நடிகை சொல்லாமலே உணர்த்திவிடலாம்.

ஆங்கில இலக்கியத்தில் இக்கதையை நாடகமாக்கியவர்களில் பெரும்பெயர் ஆல்ஃபிரட் டென்னிசனுடையது. 1876-இல் வெளிவந்த 'ஹெரால்டு' என்னும் செய்யுள் நாடகத்தின் காணிக்கையுரையில், தனக்கு உதவிய மூலங்களுள் பாயூ சீலையையும், 12-ஆம் நூற்றாண்டு நார்மானியக் கவிஞர் வாஸின் காவியத்தையும், எட்வர்டு ஃப்ரீமனின் வரலாற்று நூலையும், புல்வர்-லிட்டனின் புதினத்தையும் அவர் குறிப்பிடுகிறார். அந்நூல் காணிக்கையாக்கப்பட்டது புதின ஆசிரியரின் மகனும் அப்போதைய இந்திய வைசிராயுமான லிட்டன் பிரபுவுக்கு. ஓர் அந்நியப் படையெடுப்பில் வீழ்ந்த நாட்டுக்கு இரங்கும் நாடகம் அவர் கைக்குச் சென்ற அக்காலத்தில்தான் சென்னை மாகாணத்தில் பெரும்பஞ்சம் மக்களைக் கொன்றுகொண்டிருந்தது என்பதைத் தமிழ் வாசகர் நினையாமல் கடப்பது அரிது. டென்னிசன் வாழ்ந்த காலத்தில் அந்நாடகம் மேடையேறவில்லை. 1928-இல் லண்டனின் கோர்ட் அரங்கில் அது நடிக்கப்பட்டபோது, இளம் லாரன்ஸ் ஒலிவியே ஹெரால்டாக நடித்தார்.

டென்னிசன் சீலையிலிருந்து எடுத்தவற்றை அவர் இடமாற்றி வைத்த முறை கவனிக்கத்தக்கது. சீலையில் ஹெரால்டு முடிசூடியபின், ஆறு ஆண்கள் ஒரு வால்விண்மீனைச் சுட்டிக்காட்டி அஞ்சுகிறார்கள். அடுத்து அரியணையில் சாய்ந்திருக்கும் ஹெரால்டின் காலடியில், கீழ்விளிம்பில், ஆளில்லாப் படகுகளின் வெற்றுருவங்கள் மிதக்கின்றன. 1066 ஏப்ரலில் தோன்றிய ஹாலி வால்விண்மீன் அது. டென்னிசனோ அதை நாடகத்தின் முதற்காட்சிக்குக் கொண்டுவந்து, ஹெரால்டு நார்மண்டிக்குப் புறப்படுமுன்பே வானத்தில் ஏற்றிவிடுகிறார். இதனால் நாடகம் தொடக்கத்திலேயே அழிவின் நிழலைப் பெறுகிறது. ஆனால் முடிசூடலின் மகிழ்ச்சியை அடுத்த கணமே முறிக்கும் சீலையின் வேகம் இழக்கப்படுகிறது. மேலும் அவர் நாடகத்தில் ஒவ்வொருவரும் தம் மனச்சான்றை நீண்ட பேச்சுகளில் திறந்துகாட்ட வேண்டியிருக்கிறது.

சீலை அவ்வாறு திறந்துகாட்டுவதில்லை. முதற்காட்சியில் முதிய மன்னர் எட்வர்டு ஹெரால்டிடம் ஏதோ சொல்கிறார். உடனே ஹெரால்டு கடல்கடக்கப் புறப்படுகிறார். அரியணையை வில்லியமுக்குத் தருவதாகிய வாக்கை உறுதிப்படுத்தவே அவர் அனுப்பப்பட்டார் என்பது பொவாத்தியே வில்லியமின் கூற்று. பிணையாளிகளாக அங்கே வைக்கப்பட்டிருந்த தம்பியையும் தமையன் மகனையும் மீட்க, மன்னரின் எச்சரிக்கையை மீறி அவர் தாமே சென்றார் என்பது கன்டர்பரித் துறவி ஈட்மர் தரும் செய்தி. சீலையின் காட்சி இரண்டுக்கும் இடங்கொடுக்கிறது. ஹெரால்டு திரும்பிவந்து மன்னர்முன் நிற்கும்போது அவர் உடல் குனிந்திருக்கிறது, மன்னரின் விரல் அவரை நோக்கி நீள்கிறது. கண்டிப்பா, கவலையா, வெறும் கேள்வியா என்பது பார்ப்பவரின் நாட்டைப் பொறுத்தது. அதே சீலைதான், கூயேனான் ஆற்றின் புதைமணலில் சிக்கிய இருவரை, ஒருவரை முதுகில் சுமந்தும் மற்றவரைக் கையால் இழுத்தும் ஹெரால்டு காப்பாற்றுவதைக் காட்டுகிறது. எல்ஃப்கிவா காட்சியின் வாசகத்திலோ வினைச்சொல்லே இல்லை; ஒரு குருவானவர் அவள் முகத்தை நோக்கிக் கையை நீட்டுகிறார், அவ்வளவே. சீலை உருவான காலத்தில் அனைவரும் அறிந்திருந்த ஏதோ ஒரு செய்தி அங்கே அடங்கியிருக்க வேண்டும். அவளுக்கு ஒரு வரலாற்றைப் புனைந்து ஒட்டும் நாடகத்தைவிட, அக்கை நீள்வதையும் வாசகம் பாதியில் நிற்பதையும் அப்படியே நிகழ்த்திவிட்டு நகரும் நாடகமே நேர்மையானது.

இங்கேதான் கதைசொல்லி ஒருவரின் தேவை எழுகிறது. பாடகர் பெஞ்சமின் பாக்பி பழைய ஆங்கிலக் காவியமான 'பேயோவுல்ஃப்'-ஐ ஆறு நரம்புகள் கொண்ட சிறு யாழை மீட்டியபடி தனியாளாக நிகழ்த்திவருவது, பாத்திரங்களாக முற்றிலும் மாறிவிடாமலே ஒரு குரல் அவையைக் கட்டிப்போட முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. சீலையின் மேடைவடிவத்தில், வாசகங்களின் அளவுக்கே பேசும் ஒரு கதைசொல்லியும் பேசாத நடிகர்களும் இருந்தால், சொல்லுக்கும் சைகைக்கும் இடையே சீலையில் உள்ள இடைவெளி அப்படியே நிலைக்கும்.

காலத்தைக் கையாளும் முறையிலும் சீலை மேடைக்குப் பாடம் வைத்திருக்கிறது. எட்வர்டின் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குச் சுமந்துசெல்லப்படுவது முதலில் வருகிறது, அவர் இறப்பது அதன்பின் வருகிறது. இறப்புக் காட்சியும் இரு அடுக்குகளில், மேலே மன்னர் உயிருடன் தம்மவரிடம் பேசுவதாகவும் கீழே அவர் உடல் சுற்றப்படுவதாகவும் அமைந்துள்ளது. மேலடுக்கில் அவர் சொன்னதாகக் கருதப்படும் சொற்களைக் கொண்டே ஹெரால்டு முடிசூடினார் என்பதால், அடக்கத்தை முன்னே கடத்திவிட்டு அச்சொற்களையும் முடிசூட்டலையும் அருகருகே நிறுத்தியிருக்கிறார் வரைந்தவர். ஈரடுக்கு மேடையில் இதை வெட்டாமல் ஒரே நேரத்தில் காட்டலாம். நீளத்தைப் பொறுத்தவரை, பார்வையாளர் இருபுறமும் அமர நடுவே ஒடுங்கிய நீள்பாதையில் நடிக்கும் அமைப்பு, படச்சட்டம்போன்ற வழக்கமான மேடையைவிட இதற்குப் பொருந்தும்.

மேல், கீழ் விளிம்புகளை விட்டுவிடும் தழுவல் பாதிச் சீலையையே எடுத்துக்கொண்டதாகும். காகத்திடமிருந்து நரி பாலாடைக்கட்டியைப் பறிக்கும் ஈசாப் கதை அங்கே மூன்று முறை வருகிறது. ஏமாற்றியவர் யார், ஏமாந்தவர் யார் என்று நடுப்பட்டையை நோக்கி அது கேட்கிறது. 1066 அக்டோபர் 14-இல் ஹேஸ்டிங்ஸ் போர் தொடங்கியதும் கீழ்விளிம்பின் விலங்குகள் மறைந்து, அந்த இடத்தைப் பிணங்களும் வில்லாளிகளும் நிறைக்கின்றனர். பிணங்களின் இரும்புச் சட்டைகளைத் தலைவழியே உருவும் திருடர்களும் அங்கே உண்டு. மேலே, நிதானமாகப் புறப்பட்ட நார்மானியக் குதிரைகள் படிப்படியாக நாலுகால் பாய்ச்சலுக்கு மாறி ஆங்கிலேயரின் கேடய அரணில் மோதித் தலைகுப்புற விழுகின்றன. தாம் இறந்துவிட்டதாகப் பரவிய செய்தியைப் பொய்யாக்க வில்லியம் தலைக்கவசத்தை உயர்த்தி முகம் காட்டுகிறார். டென்னிசன் இப்போரை மேடைக்கு அப்பால் வைத்து, மேட்டிலிருந்து பார்க்கும் பேராயர் ஸ்டிகண்டின் வாய்வழியே அறிவித்தார். பண்டைய கிரேக்கத் தூதுவர் மரபை ஒட்டிய அம்முறை குதிரைகளின் சிக்கலைத் தீர்க்கிறது. ஆனால் மேலே புகழும் கீழே பிணமும் ஒருசேரத் தெரிவதே சீலையின் போர். நடிகர் கூட்டத்தில் சிலரைத் தரைமட்டத்தில் விளிம்பாகவே கிடத்தி, மேலே வீரர் முன்னேறும் ஒவ்வொரு அடிக்கும் கீழே ஒருவர் உடையிழக்கும்படி அமைப்பது, குதிரை ஒன்றுகூட இல்லாத மேடையிலும் அதைச் சாதிக்கும்.

ஹெரால்டின் இறப்பில் தழுவுவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மன்னர் கொல்லப்பட்டார் என்னும் வாசகத்தின் கீழ் இருவர் உள்ளனர்: ஒருவர் கண்ணருகே தைத்த அம்பைப் பற்றியிருக்கிறார், மற்றவரின் தொடையைக் குதிரைவீரன் வெட்டுகிறான். இருவரும் ஹெரால்டுதானா, ஒருவர் மட்டுமா என்பது தீராத விவாதம். 1729-இல் அந்துவான் பெனுவா வரைந்த படியில் அம்பின் இறகுகள் காணப்படவில்லை, 1819-இல் சார்லஸ் ஸ்டாதர்டு வரைந்ததில் காணப்படுகின்றன, இடையிலும் பின்னரும் பழுதுபார்ப்புகள் நிகழ்ந்துள்ளன. ஒரே பாத்திரத்தை இரு நடிகர்கள் அடுத்தடுத்து ஏற்று விழுவது இவ்விவாதத்தை மேடையில் திறந்தே வைக்கும் எளிய வழி.

சீலையின் முடிவுப்பகுதி கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் புறமுதுகிட்டு ஓடுவதோடு துணி நைந்து நிற்கிறது. ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஆல்டர்னி தீவின் மக்கள், காணாமற்போன அப்பகுதியைத் தாமே தைத்து, வில்லியம் 1066 டிசம்பர் 25-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடும் வரை கதையை நீட்டியிருக்கிறார்கள். மேடையும் அந்த முடிசூட்டலைத் தேர்ந்தால், பொவாத்தியே வில்லியம் அதைப் பற்றி எழுதியதை விட்டுவிடக் கூடாது. யார்க் பேராயர் ஆங்கிலேயரிடமும், குத்தான்ஸ் ஆயர் நார்மானியரிடமும், இவரை மன்னராக ஏற்கிறீர்களா என்று அவரவர் மொழியில் கேட்டபோது எழுந்த இருமொழி ஆரவாரத்தைக் கலகமென்று கருதிய வெளிக்காவலர்கள், ஆலயத்தைச் சுற்றியிருந்த வீடுகளுக்குத் தீயிட்டார்கள். அதுவரை பேசாதிருந்த நடிகர் கூட்டம் வாய்திறக்க இதைவிடத் தக்க இடம் கதையில் இல்லை. ஒருவர் சொல் மற்றவருக்குப் புரியாத இரு மொழிகளில் அவர்கள் ஒரே நேரத்தில் கத்த, கதைசொல்லி அவற்றுள் எதையும் விளக்காமல் விடவேண்டும்.